சூளை இருந்த ஊரின் மண் கணக்கு

ஒரு ஏக்கர் நிலத்தை மூன்றடி ஆழத்துக்கு வெட்டினால் 1,30,680 கன அடி மண் கிடைக்கும். நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் 1,306 யூனிட். ஒரு யூனிட் மண்ணில் ஏறக்குறைய ஆயிரம் செங்கல் அறுக்கலாம். ஆக ஏக்கருக்கு 13 லட்சம் கல். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுவரெல்லாம் கல்லிலேயே கட்டினால் 20 முதல் 25 ஆயிரம் கல் பிடிக்கும். சூளையில் வீணாவதைக் கழித்துப் பார்த்தால், புதிதாக ஐம்பது வீடு எழும்பும்போது எங்கோ ஒரு ஏக்கர் மூன்றடி இறங்கியிருக்கும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒரு பகுதியின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் கோயில், கோட்டை, துரை பங்களா என்று ஆரம்பிப்பது வழக்கம். கெடிலம், பெண்ணையாறு, சங்கராபரணி ஆற்றோரங்களில் அப்படி ஆரம்பித்தால் பாதி வரலாறு விட்டுப்போகும். அங்கே முதலில் தேட வேண்டியது பள்ளம். சுவர் ஊரெல்லாம் போய்விடும், பள்ளம் மட்டும் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

யூனிட்டுக்கு ஆயிரம் கல் என்ற கணக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தைப் பார்த்து உற்பத்தியைக் கணிக்கும்போது தப்பாகிவிடும். 9 அங்குல நீளம், 4½ அகலம், 3 கனம் உள்ள சுட்ட கல் ஆயிரத்தை அடுக்கினால் 70 கன அடிதான் வரும். ஆனால் ஈரக் கல் காய்ந்து வெந்து முடிவதற்குள் ஒவ்வொரு பக்கமும் நூற்றுக்கு ஏழெட்டு பங்கு சுருங்கும். அதனால்தான் அச்சு பத்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஈரத்தில் 90 கன அடி, சிந்துவதும் உடைவதும் சேர்த்து நூறு. மண்ணில் களி கூடினால் சுருக்கமும் கூடும்.

ஆற்றோர மண் எல்லாமே கல்லுக்கு ஆகிவிடாது. களி, வண்டல், மணல் மூன்றும் சேர்ந்து வர வேண்டும். களி நூற்றில் 20 முதல் 30 பங்கு இருந்தால் போதும். களி கூடினால் கல் காயும்போதே வெடித்து முறுக்கிக்கொள்ளும். மணல் கூடினால் அச்சிலிருந்து எடுக்கும்போதே முனை உதிரும், வெந்த பிறகும் விரலில் பொடி ஒட்டும். களத்தில் செய்கிற சோதனை சுலபமானது. நனைத்துப் பிசைந்த மண்ணை விரல் கனத்துக்கு உருட்டி, நுனியைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஒரு சாண் நீளம் அறுந்து விழாமல் தொங்கினால் களி இருக்கிறது. அதே மண்ணில் ஒரு உருண்டை பிடித்து நிழலில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தால், விரிசல் விட்டிருந்தால் மணல் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இரண்டு வினைகள் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியாது. ஒன்று சுண்ணாம்புக் கட்டி. பயறு அளவு சுக்கான் மண்ணில் இருந்தால் சூளையில் அது நீறாகிவிடும். சுவரில் ஏறியபின் மழை ஈரம் பட்டு, பொங்கி, கல்லின் முகத்தைக் காசு அகலத்துக்குப் பெயர்த்துத் தள்ளும். வீட்டுக்காரர் மேஸ்திரியைத் திட்டுவார். குற்றம் மண்ணைச் சலிக்காதவருடையது. மற்றொன்று உப்பு. உப்பனாறு போன்ற கழியோர மண்ணையோ, உவர் தண்ணீரையோ எடுத்துப் பிசைந்த கல்லில் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் வெள்ளை பூக்கும். கழுவினால் போகும், அடுத்த வருடம் மறுபடி வரும். சூளைகள் கடற்கரையை ஒட்டாமல் ஆற்றோரமாக மேற்கே ஒதுங்கியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறுப்பு வேலை தை மாதம் தொடங்கி ஆனி வரை போகும். ஐப்பசி, கார்த்திகையில் களம் முழுக்கத் தண்ணீர். முந்தின நாள் மாலையே மண்ணை வெட்டி, கட்டி உடைத்து, தண்ணீர் கட்டி ஊற வைப்பார்கள். பின்னிரவில் மிதித்துப் பிசைந்து, வெயில் ஏறுவதற்குள் அறுத்து முடிப்பார்கள். புருஷன் பெண்டாட்டி இருவருமாகச் சேர்ந்தால் நாளுக்கு 1,000 முதல் 1,500 கல் வரும். அச்சை நனைத்து மணல் தூவி, ஒரு கல்லுக்கான மண்ணை ஒரே உருண்டையாக ஓங்கி அடிக்க வேண்டும். இரண்டு தடவையாகப் போட்டால் நடுவில் ஒட்டாத மடிப்பு விழும். வெந்த கல்லை உடைத்தால் அந்த மடிப்பிலேயே பிளக்கும். பழைய சுவரில் நெடுக்காகப் பிளந்த கல்லைப் பார்த்தால், அறுத்தவர் அவசரத்தில் இருந்தார் என்று நூறு வருடம் கழித்தும் சொல்லலாம்.

பச்சைக்கல் ஒன்றிரண்டு நாள் படுத்துக் கிடக்கும். பிறகு பக்கவாட்டில் நிறுத்தி, கை தாங்கும் அளவுக்கு இறுகியதும் இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒரு வாரம் பத்து நாள் காயவிட வேண்டும். வெறும் வெயிலில் வேகமாகக் காய்ந்தால் மேல்தோல் சுருங்கி உள்ளே ஈரம் நிற்கும். அந்தக் கல் சூளையில் வெடிக்கும். அதற்காகத்தான் மேலே ஓலைக் கீற்று. சித்திரையில் ஒரு கோடை மழை போதும், களத்தில் விரித்த கல் முழுதும் சேறாகிவிடும். பணக் கணக்கில் அந்த மழை யார் தலையில் விழுகிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நாட்டுச் சூளையை நேரில் பார்க்காதவர்கள் அதை ஒரு அடுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கட்டடமே கிடையாது. வேக வேண்டிய கல்லே அடுப்பு. அடியில் வரிசையாக விறகு போகும் வாய்களை விட்டு, அவற்றின் மேல் கல்லை இடைவெளியோடு அடுக்கிக்கொண்டே போவார்கள். சிலர் வரிசைக்கு நடுவில் உமியும் தூவுவார்கள். வெளிப்பக்கம் முழுக்க மண் பூச்சு. 20 ஆயிரம் கல்லிலும் சூளை போடலாம், ஒரு லட்சத்திலும் போடலாம். சிறிய சூளையில் வெளிமுகம் அதிகம், நட்டமும் அதிகம்.

மூட்டியவுடன் தீயைத் தூக்கிவிடக் கூடாது. முதல் நாள் வெறும் மூட்டம்தான். உள்ளிருந்து வெள்ளையாக ஆவி வரும்வரை கல் இன்னும் ஈரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் சவுக்குக் கட்டையைத் திணித்தால் உள்ளேயே படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். ஆவி அடங்கிய பிறகுதான் பெரிய தீ. மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் வரை இரவு பகலாக ஆள் நிற்க வேண்டும். உள்ளே 900 முதல் 1,000 டிகிரி வரை ஏறும். மானி எதுவும் கிடையாது. இரவில் வாய்க்குள் பார்த்தால் மங்கின சிவப்பு, செர்ரிப் பழச் சிவப்பு, ஆரஞ்சு என்று நிறம் ஏறுவதையும், மேல் வரிசை சில அங்குலம் அமுங்குவதையும் வைத்துத்தான் கணக்கு. ஒரு மூலை மட்டும் அமுங்கினால் அங்கே கல் உருக ஆரம்பித்துவிட்டது. உடனே அந்த வாயை மண்ணால் அடைக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறும்போது கிழக்கு வாய்களைப் பாதி மூடாவிட்டால், சூளையின் ஒரு பக்கம் கரிந்து ஒட்டிப்போகும், மறுபக்கம் வேகாது.

ஆயிரம் கல்லுக்கு 300 முதல் 500 கிலோ விறகு தின்னும். சவுக்கும் வேலிகாத்தானும் முந்திரியும்தான் இந்தப் பக்கத்து விறகு. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதில் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பெருந்தோப்புகள் அப்படியே விறகாகிப் போயின. சூளைப் பகுதியின் வரலாற்றை எழுதுகிறவர் விறகு எங்கிருந்து வந்தது என்று கேட்க மறக்கக் கூடாது. மண் பள்ளமாகத் தெரிகிறது, காடு போனதற்கு அப்படி ஒரு தடம் கிடையாது.

தீ அணைந்தபின் ஒரு வாரம் பத்து நாள் ஆறவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஓர் அவசரக்காரர் நாலாம் நாளே பிரித்தால் குளிர்காற்று பட்டு நல்ல கல்லிலும் மயிரிழை விரிசல் விழும். வெளிவரிசைக் கல் நூற்றில் பத்து இருபது வெந்தும் வேகாமலும் வெளுப்பாக நிற்கும். அதை அடுத்த சூளையில் மறுபடி வைப்பார்கள், அல்லது கலந்து விற்றுவிடுவார்கள். இதில்தான் வாங்குகிறவர் ஏமாறுவது.

லாரியில் வந்த கல்லைப் பார்க்க நான்கு காரியம் போதும். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. இடுப்புயரத்தில் இருந்து தரையில் போட்டால் உடையக் கூடாது. நான்காவதுதான் உண்மையான சோதனை. காய்ந்த கல்லைத் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்து மறுபடி எடை போட வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1077 சாதாரண கல்லுக்குக் கொடுக்கும் வரம்பு நூற்றுக்கு 20. மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால் அதை வெளிச்சுவருக்கு வைக்க வேண்டாம். சோதனைக்கு லாரியின் மேலிருந்து ஐந்து கல், நடுவிலிருந்து ஐந்து கல் எடுக்க வேண்டும். மேலே எப்போதும் நல்ல கல்லாகத்தான் அடுக்கியிருப்பார்கள்.

இந்த வேலை செய்தவர்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? புதுச்சேரியின் பஞ்சாலைகளைப் பாருங்கள். முதலியார்பேட்டை ரோடியர் மில் 1898-இல் தொடங்கியது. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தில் பிரெஞ்சு போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் எட்டு மணி நேர வேலை வந்தது. அந்தப் போராட்டத்தை நடத்திய வ. சுப்பையாவின் பேர் ஊருக்கே தெரியும், வருடா வருடம் தியாகிகளுக்கு மாலை போடுகிறார்கள். மில்லுக்குச் சங்கு இருந்தது, மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு இருந்தது, சங்கம் இருந்தது. அந்த மில்களின் சுவருக்கும் புகைபோக்கிக்கும் கல் அறுத்தவர்களுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அவர்கள் தையில் வந்து ஆனியில் போகிறவர்கள். வாக்காளர் பட்டியலிலும் வேறு ஊர், ரேஷன் கார்டிலும் வேறு ஊர்.

அவர்களைப் பற்றிய ஒரே ஆவணம் முன்பணக் கணக்கு. சீசனுக்கு முன்பே குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து அழைத்து வருவார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. வாரா வாரம் செலவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மீதியை முன்பணத்தில் கழிப்பார்கள். மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது, உடைந்தது கழிவு, மழை நாளில் வேலையே கிடையாது, ஆனால் சாப்பாட்டுச் செலவு உண்டு. ஆனி முடிவில் கூட்டிக் கழித்தால் கடன் அப்படியே நிற்கும், சில சமயம் ஏறியும் இருக்கும். இருளர் குடும்பங்கள் பலவும் வட தமிழகச் சூளைகளில் இப்படிச் சிக்கியவை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. கடனைத் தீர்க்கும்வரை இடம் விட்டுப் போகக் கூடாது என்று ஒருவரைத் தடுத்தாலே அது கொத்தடிமைதான், அடிக்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் கடனும் சட்டப்படி செல்லாது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் விசாரித்து விடுதலைச் சான்று தர வேண்டும். உள்ளூர் வரலாறு சேகரிக்கப் போகிறவர்கள் சூளை முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டு வருவது பெரிய தப்பு. அறுத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு கூலி’ என்பதல்ல, ‘ஆனியில் கையில் என்ன மிஞ்சியது’ என்பது.

நாட்டுச் சூளைக்குப் பிறகு சேம்பர் சூளை வந்தது. அங்கே தீ ஓரிடத்தில் நிற்காது. நீள்வட்டப் பாதையில் அடுக்கிய கல்லின் ஊடாக நகர்ந்துகொண்டே போகும். முன்னே பச்சைக்கல் அடுக்க, பின்னே வெந்த கல்லை எடுக்கலாம். மேலே உள்ள துளைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரி போட வேண்டும். வெந்த கல்லின் சூடே அடுத்த கல்லைக் காயவைப்பதால் எரிபொருள் மிச்சம். புகைபோக்கி நிற்கிற இடமெல்லாம் சேம்பர் இருந்த இடம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். நாட்டுச் சூளை இருந்த இடத்தில் சிவந்து வெந்த தரையும் சாம்பலும்தான் மிஞ்சும். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதி, சூளைகள் ஜிக்ஜாக் முறைக்கோ அதற்கு இணையான முறைக்கோ மாற வேண்டும் என்றது. ஜிக்ஜாக்கில் கல்லை வளைந்து வளைந்து அடுக்குவதால் காற்று நீண்ட பாதையில் போகும், கரி முழுதாக எரியும், கறுப்புப் புகை குறையும்.

சுடாத கல்லும் இந்தப் பகுதிக்கு வந்தது, நெய்வேலி பக்கத்திலேயே இருப்பதால். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்து, பிறகு அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் சாம்பல் மலையாகக் குவிந்தது. 1999-இல் வந்த அறிவிக்கை அனல் மின் நிலையத்தைச் சுற்றி 50 கி.மீ. வரை சாம்பல் கலக்காமல் கல் செய்யக் கூடாது என்றது. 2003-இல் அதை 100 கி.மீ. ஆக்கினார்கள். கடலூரோடு புதுச்சேரியும் உள்ளே வந்துவிட்டது. பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல், அதனால் தானே இறுகும். சாம்பல் கல்லுக்குத் தீ வேண்டாம், தண்ணீர்தான் வேண்டும். இரண்டு மூன்று வாரம் நனைக்காமல் அச்சிட்ட நாலாம் நாளே லாரியில் ஏற்றினால், சுவரில் ஏறிய பிறகு அது சுருங்கும். பூச்சில் ஏணிப்படி மாதிரி விரிசல் ஓடுவது இதனால்தான்.

பழைய சுவர்களை வைத்துக் காலம் சொல்ல முயல்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கல்லின் வயதும் சுவரின் வயதும் ஒன்றல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள பழந்துறைமுகமான அரிக்கமேட்டில் வீராம்பட்டினத்து மக்கள் பழங்கல்லைப் பெயர்த்து எடுக்கிறார்கள் என்று 1734-லேயே பிரெஞ்சுக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் வந்த வானியலாளர் லெ ஜாந்தீயும் ஆற்றங்கரையில் பெரிய பெரிய பழங்கற்களை மக்கள் பொறுக்குவதைப் பார்த்திருக்கிறார். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டும்போது அந்த இடம் இரண்டு நூற்றாண்டாகச் செங்கல் சுரங்கமாக இருந்து முடிந்திருந்தது. அங்கே இன்றைக்கு நிற்கிற செங்கல் இடிபாட்டைப் பலரும் ரோமானியர் காலத்தது என்று படமெடுத்துப் போகிறார்கள். அது 18-ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவப் பாதிரிமார் கட்டடம்.

காலத்தைக் கணிக்க ஒரு கல்லை அளப்பது வீண் வேலை. கையால் அறுத்த கல் ஒன்றுக்கொன்று அரை அங்குலம் மாறும். பூச்சு உதிர்ந்த இடத்தில் பத்து வரிசையின் உயரத்தைச் சாந்தோடு அளந்து பத்தால் வகுங்கள். சாந்தின் கனத்தைத் தனியே குறியுங்கள். சாந்தைச் சுரண்டி எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு நுரைக்கும். கிளிஞ்சல் துணுக்கு தெரிந்தால் கடற்கரைச் சுண்ணாம்பு. கல்லின் முகத்தில் எழுத்துப் பதித்த குழி இருந்தால் நல்ல வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது படமெடுங்கள். அந்த இரண்டெழுத்துதான் பல சூளைகளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே கையெழுத்து. கூரையையும் பார்க்க வேண்டும். தேக்கு உத்தரத்தின் மேல் 6 அங்குல நீளம், 3 அகலம், 1 கனம் உள்ள அச்சுக்கல்லைச் செங்குத்தாக மூலைவாட்டில் நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் என்றால், அந்த ஊரில் சுவர்க்கல் தவிரத் தனியாக அச்சுக்கல் அறுக்கிறவர்களும் இருந்திருக்கிறார்கள்.

இந்தச் சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சு எமன். கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தைக் குடித்து வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளே அடைக்கும். கடற்கரை உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லின் முகத்தையே பொடியாக்கும். உடைந்த இடத்தில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் வைத்துப் பூசி, ஒரு வாரமாவது ஈரம் காயாமல் காப்பது மெதுவான வேலைதான், ஆனால் சுவர் பிழைக்கும். 1870-களின் தொடக்கத்தில் கட்டிய புதுச்சேரி மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. செங்கல்–சுண்ணாம்புக் கட்டடத்துக்குள் தண்ணீர் இறங்க விடக் கூடாது, மேல்தளத்து ஒழுகலை ஒரு மழைக்கும் தள்ளிப்போடக் கூடாது.

இனி மனை. சூளை நின்றதும் பள்ளத்தை இடிபாட்டாலும் குப்பையாலும் தூர்த்து, மேலே ஒரு லோடு செம்மண் பரப்பி, நகர் என்று பேர் வைத்து விற்பது நடக்கிறது. பேரே சில சமயம் காட்டிக்கொடுக்கும். 1690-இல் கடலூரின் புனித டேவிட் கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த எல்லை வரை ஆங்கிலேயர் வாங்கியதாகச் சொல்லும் குண்டு உப்பலவாடி, தொழிலைப் பேரிலேயே வைத்திருக்கும் குயவர்பாளையம் போல, பழைய ஆட்கள் வாயில் இன்னும் சூளைமேடு, கல்லறுப்பான் குட்டை என்ற மாதிரிப் பேர்கள் உயிரோடு இருக்கும். புதிய நகரின் பேரைக் கேட்காதீர்கள், அதற்கு முன்னால் அந்த இடத்தை என்ன சொன்னார்கள் என்று மாடு மேய்த்தவர்களிடம் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்ற பழைய பயிர்க் கணக்கைப் பார்த்தால், பயிர் வைத்த நிலம் எந்த வருடத்திலிருந்து தரிசாக நிற்கிறது என்று தெரியும். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களை வரிசையாக ஓட்டினால் பள்ளமும் தேங்கிய தண்ணீரும் அப்படியே தெரியும். கோடைப் படத்தை விட மார்கழி, தைப் படம் நல்லது.

பிறகு மண்ணையே கேட்க வேண்டும். மனையின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஆகர் என்ற மண் துளைக்கும் கருவியால் பத்தடி வரை துளைத்து, அடிக்கு ஒருமுறை வருகிற மண்ணைச் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்புங்கள். செங்கல் துண்டு, கறுப்புச் சாம்பல், பிளாஸ்டிக் வருகிற வரைக்கும் அது தூர்த்த பள்ளம். அதற்குக் கீழே ஒரே நிறத்தில் கெட்டியாக, உடைத்தால் முனை மழுங்காமல் உடைகிற மண் வந்த இடம்தான் ஊரின் பழைய தரை. மூன்று மூலையில் இரண்டடியிலும் ஒரு மூலையில் எட்டடியிலும் அது வந்தால், பள்ளத்தின் கரை உங்கள் மனைக்குள்ளேயே ஓடுகிறது. அப்படிப்பட்ட மனையில் சாதாரண அஸ்திவாரம் போட்டால் வீடு ஒரு பக்கம் உட்காரும். ஒன்று, தூர்த்ததைத் தாண்டிப் பழைய தரை வரை பைல் என்ற ஆழத் தூண் இறக்க வேண்டும். அல்லது வீட்டின் இடத்தை இரண்டடி மண் உள்ள பக்கமாக நகர்த்தி, எட்டடிப் பக்கத்தைத் தோட்டத்துக்கு விட வேண்டும். அங்கே தென்னை வைக்கலாம். கழிவுநீர்த் தொட்டி மட்டும் அங்கே வேண்டாம். தூர்த்த மண் வழியாக நேரே பக்கத்து வீட்டு போருக்குப் போய்விடும்.